தட்டாத தகரம்

சித்தேரி மலையில் மல்லையனின் சாமைக்கொல்லையில் ஒரு மூலையைக் குருவிகள் மொட்டையடித்ததற்கு முழுக்க முழுக்க நான்தான் காரணம். காவல் பரண்மேல் நின்று தகரம் தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி செல்லியிடம், "கொஞ்ச நேரம் சத்தம் வேணாம்மா, படம் கெட்டுடும்" என்று கும்பிட்டுக் கேட்டவன் நான். டிராயிங் வாத்தியார் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று அவளும் நிறுத்தினாள். குருவிகளுக்கு அந்த மரியாதை இல்லை.

எல்லாம் ஒரு லண்டன் பத்திரிகையால் வந்தது. தர்மபுரியில் படங்களுக்குச் சட்டம் போடும் முகம்மது கவுஸ், கண்ணாடி வந்த பெட்டியில் உடையாமலிருக்க அடைத்திருந்த அந்தப் பத்திரிகைத் தாள்களை என்னிடம் கொடுத்தார். யுத்தம் நடக்கிற அந்தச் சீமையில் நவ ரொமாண்டிக் என்று ஓவியர் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறதாம். முறுக்கிக்கொண்ட மரம், இடிந்த சுவர், பகலிலேயே ஒரு நிலா. மருந்துக்கும் மனிதர் இல்லை. குண்டு விழுந்த ஊர்க்காரன் மரத்தைப் பார்த்து ஏங்குகிறான், சரி. குண்டே விழாத தர்மபுரியில் இருந்த எனக்கு அந்த ஏக்கம் எப்படித் தொற்றியதோ, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மலை ஏறி, மல்லையன் வீட்டில் தங்கிவிட்டேன்.

படத்தில் பாறை வந்தது, முறுக்கிய மரம் வந்தது, நிலாவும் வந்தது. பரண் இடைஞ்சலாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். தலையைத் தூக்கியபோது கொல்லை மூலையில் கதிர்கள் அசைந்துகொண்டிருந்தன. காற்று இல்லை.

மல்லையன் வந்து பார்த்தான். வெறும் கதிர் ஒன்றை விரலால் உருவினான். அந்த வருஷத்துச் சோறு அந்தக் கொல்லைதான் என்பது எனக்கும் தெரியும்.

"மல்லையா, நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

"அதுக்கென்னங்க. உங்க இஷ்டமுங்க."

"கோபமா?"

"குருவிக்கு வாயி இருக்குதுங்க, தின்னுது."

திட்டியிருந்தால் நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். 'இருங்க' என்றிருந்தால் நிம்மதியாக வரைந்திருப்பேன். இரண்டும் இல்லாமல், அன்று எனக்கு வைத்த களியுருண்டை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் நானே பரணில் ஏறிவிட்டேன். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் குச்சி. பச்சைச் சாயம் தகரத்தில் விழுந்தது. தட்டிய அதிர்வில் நிலா கோணலாயிற்று. குருவிகளோ என் தாளம் பிடித்துப்போய் கதிரிலேயே உட்கார்ந்துவிட்டன. மேலே ஏறி வந்து குச்சியை வாங்கிய செல்லியின் கண்ணில் படம் பட்டது.

"இது எங்க கொல்லைங்களா?"

"ஆமா."

"பரணைக் காணமுங்களே. ஆளையும் காணம்."

"இந்த மாதிரிப் படத்துல ஆள் வரக்கூடாதும்மா."

"செத்துட்டமுங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீயாவது சொல்லு செல்லி. இருக்கட்டுமா, போகட்டுமா?"

அவள் தகரத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். கூட்டமாகக் குருவிகள் எழுந்தன.

"போயிடுங்க. அறுப்பு முடிஞ்சதும் வாங்க. பரணைப் பிரிச்சிருவோம், தட்டவும் ஆளிருக்காது. உங்க படத்துல மாதிரியே கெடக்கும். எத்தன நாளு வேணுமின்னாலும் உக்காந்து வரைங்க."