பெண் எலிகளின் இரைப்பை

கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் அக்டோபர் கடைசி வாரத்தைப் போல ஒரு கெட்ட வாரம் கிடையாது. மலையில் பனி இறங்கிவிடும். ஆனால் கட்டடங்களைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட நகராட்சிக்கு நவம்பர் பிறக்க வேண்டும். அதுவரை பேராசிரியரிலிருந்து பெருக்குகிறவர் வரை எல்லோரும் கோட்டுக்குள் நடுங்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வாரமாகப் பார்த்து இரைப்பை ஆய்வுக்கூடத்தின் குழுவைக் கூட்டியிருந்தார் அதன் தலைவர் ஷர்ஷென் அகாய். அகாய் என்றால் ஆசான். அவருக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

குழு அறைக்கு வெளியே நின்ற ஆய்வாளர் அனாராவுக்குக் குளிர் உறைக்கவில்லை. சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அவள் சொல்லப்போவது ஒரே சங்கதிதான். ஆண் எலியின் இரைப்பையைக் கீற்றாக வெட்டி இழுத்தால் இறுக்கமாக நிற்கிறது. பெண் எலியின் கீற்று அதே இழுப்புக்கு நெகிழ்ந்து நீள்கிறது. ஆகவே வயிற்று மருந்தை ஆண் எலிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு, அந்த அளவையே பெண்களுக்கும் எழுதித் தருவது தப்பு.

அவளுடைய சொந்த அக்கா அப்படியொரு மருந்தைச் சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு கிடந்தாள். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று மருத்துவர் கைகழுவிவிட்டார். அந்த ஆத்திரத்தில்தான் அனாரா சண்டை போட்டுப் பெண் எலிகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்தாள். ஷர்ஷென் அகாய்க்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. "பொம்பள எலி நாளைக்கு ஒரு குணம் காட்டும், கணக்கைக் குழப்பிடும்" என்பது அவர் வேதவாக்கு. இன்று அனாரா தோற்றால், நாளைக்கே பெண் கூண்டுகள் வெளியேறிவிடும்.

அங்கிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அடியே, எந்திரி!" ஓடிவந்தவர் ஜூரா எஜே. கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவர், எல்லோருக்கும் எஜே, அதாவது அக்கா. கையிலிருந்த சின்னக் கம்பளி மெத்தையை அவளுக்கு அடியில் திணித்தார். "சில்லுன்னு கல்லு மேல உக்கார்றியே, கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்? படிச்ச பொண்ணு மாதிரியா இருக்கு?"

"எஜே, நானே பயத்துல இருக்கேன்."

"பயந்தா பயப்படு. மெத்தையில உக்காந்து பயப்படு. எலிக்கு இருக்கிற பாதுகாப்புகூட உனக்கு இல்லையா?"

அனாரா தலையைத் தூக்கினாள். "எலிக்கு என்ன பாதுகாப்பு?"

"ராத்திரி பட்டினி போடுறோமே, வெறும் கம்பி வலை மேல. ஆம்பள எலி கெடக்கட்டும், அதுக்கென்ன. பொண்ணுங்களைக் குளிர்ல விட மனசு வருமா? கொஞ்சம் மரச்சீவல் போட்டு வெச்சு, காலைல எடுத்துடுவேன்."

அனாரா சட்டென்று எழுந்தாள். கம்பி வலையே எதற்காக? பட்டினி கிடக்கும் எலி கிடைத்ததையெல்லாம் தின்னும், தன் புழுக்கையைக்கூட விடாது. அதெல்லாம் கீழே விழுந்து, இரைப்பை காலியாக இருக்கட்டும் என்றுதான் வலை.

எலி அறைக்கு ஓடினாள், ஜூரா எஜேயும் பின்னாலேயே வந்தார். குழுவுக்குக் காட்ட அன்று காலையில் எடுத்து வைத்த இரண்டு இரைப்பைகள் தட்டில் இருந்தன. வழக்கமாக ஜூரா எஜே பிரித்துக் கழுவிக் கொடுத்த பிறகுதான் அனாரா கை வைப்பாள். இன்று அவளே கத்தரியை எடுத்தாள். ஆணின் இரைப்பை காலிப் பையாகச் சுருங்கிக் கிடந்தது. பெண்ணுடையதைக் கீறியதும், மென்று கூழான மரச்சீவல் பிதுங்கி வழிந்தது. ராத்திரி முழுக்க உப்பிக் கிடந்த இரைப்பை நெகிழாமல் என்ன செய்யும்?

"எஜே, தினமும் இப்படித்தானா?"

"கொஞ்சம் கிடக்கும். மரத்துல என்ன சத்து இருக்கு? தானியம் ஒண்ணும் நான் போடலையே!" அனாராவின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "தப்பாப் போச்சா? இரு, இப்பவே கழுவிக் குடுத்துடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியாதுதான். கழுவினால் போதும், முடிவு நிற்கும், பெண் கூண்டுகள் நிற்கும், அகாயின் வாய் அடைபடும். அனாரா குழாயைத் திறக்கக்கூடச் செய்தாள். சொன்னால் எல்லாம் போச்சு. சொல்லாவிட்டால், உண்மையைப் பார்க்காமல் தன் அக்காவைக் கைகழுவிய அந்த மருத்துவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? குழாயை மூடிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

குழு அறையில் நடந்ததை நடந்தபடி சொல்லி, தட்டை மேசை மேல் வைத்தாள். "என் முடிவு நிக்காது, அகாய்."

ஷர்ஷென் அகாய்க்குப் பால் குடித்த பூனையின் முகம். "நான் தலைப்பாடா அடிச்சுக்கலை? பொம்பள எலியே வேண்டாம்னு! சரி, சீவலைப் போட்டது யாரு?"

பின்னாலேயே வந்து, தேநீர் ஊற்றும் சாக்கில் நின்றிருந்த ஜூரா எஜே தேநீரைத் தட்டில் சிந்திவிட்டார்.

"அகாய், நீங்க எது மேல உக்காந்திருக்கீங்க?" என்றாள் அனாரா.

"ஏன், நாற்காலி மேலதான்."

"வெறும் நாற்காலி. உங்க பக்கத்துல இருக்கிற எஜேக்களைப் பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெண்கள் ஒவ்வொருவருக்கும் அடியில் ஒரு கம்பளி மெத்தை. ஆண்களில் ஒருவருக்கும் இல்லை.

"நேத்து நான் படியில உக்காந்திருந்தப்போ, 'எந்திரி மகளே, குளிர் ஏறிடும்'னு சொன்னது யாரு?"

அகாய் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

"கணக்கைக் குழப்பினது எலி இல்ல. நாமதான். சீவலை யார் போட்டிருந்தா என்ன, இந்த ரூம்ல இருக்கிற யாரா இருந்தாலும் போட்டிருப்போம்."

யாரோ சிரித்துவிட்டு, உடனே அடக்கிக்கொண்டார். அகாய் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். அனாராவுக்கு அந்தச் சத்தம் மண்டைக்குள் விழுந்தது.

"இப்ப என்னதான் செய்யணும்ங்கறே?"

"ஆணும் பொண்ணும் ஒரே வலை மேல. சீவல் கிடையாது. முதல்லேர்ந்து."

"ரெண்டு இரைப்பையும் ஒண்ணுதான்னு வந்துட்டா?"

"ஒண்ணுதான்னு இதே இடத்துல நின்னு சொல்லுவேன்."

சொல்லிவிட்டுத் தனக்காகப் போட்டிருந்த இரும்பு நாற்காலியின் மெத்தையை உருவி ஜூரா எஜேயிடம் கொடுத்தாள். வெறும் இரும்பில் உட்கார்ந்தாள். குளிர் முதுகெலும்பு வரை ஏறியது. "ஐயோ, கடவுளே" என்று எஜே முனகினார்.

"வசந்தம் வரைக்கும் கூண்டுங்க இருக்கட்டும்" என்றார் அகாய் கடைசியில், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவரைப் போல.

அன்று மாலை புதிய எலிகளைப் பட்டினிக்கு ஏற்றினார்கள். பெண் கூண்டுகளின் முன்னால் ஜூரா எஜே ஒரு கை சீவலோடு வெகுநேரம் நின்றார். பிறகு அதை மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டு, கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டார். அவர் பார்வை எதிர்ப்பக்கம், ஆண் கூண்டுகளுக்குப் போனது. வெறும் கம்பி மேல் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"அனாரா, இதுங்களுக்கும் குளிருமா?"

"குளிரும், எஜே."

"இத்தனை வருஷமாவா?" என்றார் ஜூரா எஜே. அவர் கண் கலங்கிவிட்டது.