ஏழாம் இருக்கையின் வருத்தம்

அந்த மருத்துவமனையின் நான்காம் மாடியில், பதில் பிரிவு என்று ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. குறை சொல்லி எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதே அங்கிருந்த ஒன்பது மேசைகளின் தொழில். ஏழாம் மேசையில் பன்னிரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அதை யாரும் சொல்வதில்லை. வருத்தம்மா என்றே கூப்பிட்டார்கள்.

"வாங்க வருத்தம்மா, இன்னிக்கு எத்தனை வருத்தம் வருது?" என்று தரைத்தளத்து அச்சு அறைக்காரர் கேட்பார்.

"அறுபது வரும்ணே. மை இருக்கா?"

"மைக்கென்ன, இருக்கு. நெஜமாவே வருத்தப்பட்டிருந்தா ஒரு லெட்டருக்கே தீந்திருக்கும்."

எழுதும் முறை எளியது. திரையில் மூன்று பெட்டிகள். முதலாவதில் பிரதிப்பெயர்: பெரும்பாலும் 'வீ', தப்பினால் 'இட்'. 'ஐ' அங்கே கிடையாது. இரண்டாவதில் வினையடைகள்: டீப்லி, சின்சியர்லி, கேர்ஃபுலி. மூன்றாவதில் வினைகள்: ரிக்ரெட், ரெவ்யூ, அண்டர்ஸ்டாண்ட். பெட்டிக்கு ஒன்றாகத் தொட்டால் வாக்கியம் தானாகக் கூடிக்கொள்ளும். வினையடை இல்லாவிட்டால் திரையின் ஓரம் சிவக்கும், இருந்தால் பச்சை. கடிதத்துக்குத் தொண்ணூறு விநாடி. எழுதியவரின் பெயரோ முகவரியோ அவள் கண்ணில் படாது. ஓர் எண்ணும், முன்மேசைக்காரர்கள் சுருக்கி அனுப்பும் ஒரு வரியும் வரும், அவ்வளவுதான். பெயரை அச்சு அறை இயந்திரம் பொருத்திக்கொள்ளும்.

ஒரு வினை நடந்த விதத்தைச் சொல்லப் பிறந்தது வினையடை. கவனமாகப் பார்த்தோம் என்று எழுதினால், பார்த்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். பார்த்தல் என்ற செயல் நடந்திருக்கவும் வேண்டும். இங்கே பார்த்தவரும் இல்லை, பார்த்தலும் இல்லை. கவனம் மட்டும் நாளுக்கு அறுபது முறை அச்சேறியது. இதற்கு மொழி என்று பெயர் சூட்டி, ஆண்டுக்கொரு முறை கேடயமும் வழங்கியது நிர்வாகம்.

"நம்ம மொழியில எழுதினா திருப்பிக் கேப்பாங்கம்மா. இங்கிலீஷ்ல போனா, படிச்சுச் சொல்ல ஆள் தேடுறதுக்குள்ள பாதிக் கோபம் ஆறிடும்" என்பது மேலாளர் கண்ட தத்துவம்.

அவளுடைய அண்ணன் அதே கட்டடத்தில் இறந்து ஏழு வாரமாகியிருந்தது. நெஞ்சை இறுக்குகிறது என்றவனை ஒரு காலையில் அவளே அழைத்து வந்தாள். ஸ்கேன் எடுக்க இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி, "அரை மணியில முடிஞ்சிடும். நீ போய் உன் வேலையப் பாரு. அண்ணி வந்துட்டே இருக்கா" என்றான். அவள் மாடியேறிப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, ஸ்கேன் அறை வாசலில் தனியாகக் கிடந்த வண்டியை ஒரு நர்ஸ் பார்த்தபோது அவனுக்கு உயிர் இல்லை. அவனை அங்கே விட்டுப் போனவர் யார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். விரல் பெட்டிகளைத் தொட்டது, வாக்கியம் கூடியது, ஓரம் பச்சையானது. கேன்டீன் குழம்பில் உப்பே இல்லை என்று மற்றவர்கள் சத்தம் போட்டபோது, அதையே தானும் சாப்பிட்டு முடித்திருந்தது தெரிந்தது.

ஒரு மாலை, வேலை முடிந்து அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி தையல்காரி. முன்னறையில் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவள், காலை எடுக்காமலேயே ஓர் உறையை நீட்டினாள்.

"உன் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு. நான் ஒரு மனு எழுதிப் போட்டேன். உனக்கு இடைஞ்சலா ஆயிடும்னு உங்கிட்ட சொல்லல. நாலு வாட்டி படிச்சுட்டேன். வார்த்தை புரியுது, சேதி புரியல."

அவள் பிரித்துப் படித்தாள். "நாங்க ஆழமா வருந்துறோம்."

"யாரு நாங்க?"

"ஆஸ்பத்திரி, அண்ணி."

"ஆஸ்பத்திரி எப்படிடி வருந்தும்? அது கட்டடம். அப்புறம்?"

"உங்க மனுவைக் கவனமா பரிசீலிச்சோம். தாமதம் ஏற்பட்டதைப் புரிஞ்சுக்கறோம்."

"ஏற்பட்டுச்சா? மழை பேஞ்ச மாதிரியா? விட்டுட்டுப் போனவன்னு ஒருத்தன் இருப்பானே. அவன் இதுல எங்க?"

"இல்ல."

"அளவே எடுக்காம தைச்ச சட்டை மாதிரி இருக்கு. யாருக்கு வேணாலும் மாட்டலாம், ஒருத்தருக்கும் பொருந்தாது."

தாளின் அடியில், பொடி எழுத்தில் ஏழு என்ற எண் இருந்தது. எழுதிய இருக்கையின் எண். 'இடமாற்றத் தாமதம், மரணம், வீட்டார் கொதிப்பு' என்று சென்ற வாரம் ஒரு வரி வந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. தேநீர் வேளைக்கு முன் வந்தது. தொண்ணூறு விநாடி கூட ஆகவில்லை, நாற்பதில் முடித்திருந்தாள்.

"இதை எழுதினது நான்தான், அண்ணி."

இயந்திரம் நின்றது. "நீயா?"

"பேர் வராது. நம்பர்தான் வரும். நம்ம வீட்டு மனுன்னு எனக்குத் தெரியல."

"தெரிஞ்சிருந்தா வேற எழுதியிருப்பியா?"

அவள் யோசித்தாள். "தெரியல. பெட்டியில வேற இல்ல."

அண்ணி துணியின் விளிம்பை நீவிவிட்டாள். "உன்னைத் திட்டணும்னு கூட தோணலடி. எனக்கு எதுவுமே தோணல. விட்டுட்டுப் போன ஆளு யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும். சண்டை போட இல்ல. கடைசியா அவரு என்ன பேசினாருன்னு அந்த ஆளுக்குத்தானே தெரியும்?"

மறுநாள் காலை அவள் அந்த மனுவின் எண்ணைத் திரையில் மீண்டும் திறந்தாள். ஒவ்வொரு மனுவுக்கும் விசாரணைத் தாள்கள் இணைந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. தொண்ணூறு விநாடியில் யார் பிரிப்பார்கள்? இரண்டு பக்கம், தள்ளுவண்டிக்காரரின் கையெழுத்தில் இருந்தது. மேலே 'பரிசீலிக்கப்பட்டது' என்ற முத்திரை.

'நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்கேன் அறை பூட்டியிருந்தது. சாவி வாங்கப் போனேன். வழியில் ஐந்தாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அவரை மறந்துவிட்டேன்.'

ஒரு வினையடை கூட இல்லை. எல்லா வினைக்கும் ஓர் ஆள் இருந்தான். அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பெட்டிகளைத் தொடவில்லை. காலி இடத்தில், தன் மொழியில், 'கேட்டதற்குப் பதில் இத்துடன் இருக்கிறது. முந்தைய பதிலை எழுதியவள் நான்' என்று தட்டி, இரண்டு பக்கங்களையும் சேர்த்து அச்சுக்கு அனுப்பினாள். ஓரம் சிவந்தது. சிவந்தபடியே போயிற்று.

கீழே அச்சு அறைக்காரர் தாளைக் கையில் வைத்திருந்தார். "என்னம்மா இது, ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பா வந்திருக்கு? ஒரு டீப்லியாவது போடக் கூடாதா? மேலாளர் பார்த்தா உன் சீட்டைக் கிழிச்சுடுவாரு."

"கிழிக்கட்டும்ணே."

இயந்திரம் பொருத்தியிருந்த பெயரையும் முகவரியையும் அவர் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார். கேலி ஏதோ வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. உறையை ஒட்டாமல் நீட்டினார். "தபால்ல போட்டா நாலு நாளாகும். கையிலயே கொண்டு போம்மா."

மாலையில் அண்ணி இயந்திரத்துக்கு உறை போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தாள். அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். மறந்துவிட்டேன் என்ற இடத்தில் அண்ணி தலையை மட்டும் அசைத்தாள். அவள் தாளைத் திருப்பினாள்.

"'சாவிக்குப் போகும் முன் அவர் என்னிடம் பேசினார். தங்கச்சி நாலாம் மாடியில் வேலை செய்கிறாள் என்றார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.'"

அவள் நிறுத்தினாள்.

"ஏன் நின்னுட்ட? படி."

"'வேண்டாம், வேலை நேரம், தொந்தரவு செய்யாதே என்றார். வீட்டார் கேட்டால் நானே வந்து சொல்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.'"

பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அண்ணி மேசைமேல் கிடந்த நூல்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள்.

"அந்த ஆளை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

"சரி, அண்ணி."

"அவரு சொன்னதை மட்டும் இன்னொரு வாட்டி படி."

அவள் படித்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாக அறுபது அறுபதாக அனுப்பிய அதே குரலில்தான் வந்தது. அண்ணி அதைக் குறை சொல்லவில்லை.