கிளியோஃபஸ் மேப்ரி திரும்பி வந்த மதியம்

கிளியோஃபஸ் மேப்ரியை எங்கள் பேண்டிலிருந்து துரத்தியபோது நானும் அதே அறையில்தான் இருந்தேன். குனிந்து கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அது 1976. எங்கள் ஊர் டெய்டனில் தடுக்கி விழுந்தால், ஆட வைக்கும் ஃபங்க் இசை வாசிக்கும் ஏதாவதொரு பேண்டின் மேல்தான் விழவேண்டும். அவன் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார், ஹர்லி வான்ஸ் பாட்டு.

"உன் அடி ஒரு மயிரிழை பிந்தி விழுதுடா. ரேடியோக்காரங்க வேகம் கேக்குறாங்க" என்றான் ஹர்லி.

"அது பிந்தி விழுறதாலதான்டா சனங்களுக்கு இடுப்பு ஆடுது" என்ற கிளியோ, குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் டெட்ராய்ட், மெம்பிஸ், ஓக்லாண்ட் என்று ஊர் ஊராக வாசித்தான். பதினொரு பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தான். ரேடியோவில் நாலு அடி கேட்டாலே "நம்ம கிளியோடா!" என்று கத்துவேன். ஹர்லி ரேடியோவை அணைத்துவிடுவான்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, போன வருஷம் ஜூலையில், ஆற்றங்கரைப் பூங்காவில் எங்கள் கச்சேரி. மதியம் ஒன்றரைக்கு மேடை. காலையில் எங்கள் டிரம்மருக்குக் குடல்வால் வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"கிளியோவைக் கூப்பிடு. ஊருக்கே திரும்பி வந்துட்டானாமே" என்றான் ஹர்லி.

"நீயே கூப்பிடு" என்றேன்.

கூப்பிட்டான். எடுத்தவள் கிளியோவின் மனைவி வெர்டெல்.

"யாரு, ஹர்லியா? இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

"வெர்டெல், அவன்கிட்ட குடும்மா."

"அவர் கிளம்பிப் பத்து நிமிசம் ஆச்சு. உங்காளு ஆஸ்பத்திரிக்குப் போன சேதி ஊருக்கே தெரியும். நீ கூப்பிடுறதுக்கு இவ்வளவு நேரமா?"

கிளியோவுக்கு எழுபத்து நாலு வயசு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினான். ஸ்டூலைத் தாழ்த்தி உட்கார்ந்தான்.

"என்ன வேகம்?" என்று ஹர்லியைக் கேட்டான்.

"உன் இஷ்டம்."

முதல் அடி என் நெஞ்செலும்பில் விழுந்தது. மடக்கு நாற்காலியில் சாய்ந்து, சுட்ட விலா இறைச்சியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஹர்லி அவசரப்பட்டு முன்னாலேயே பாட வாயெடுத்தான்.

"பொறுடா கிழவா!" என்று பின்னாலிருந்து கிளியோவின் சத்தம். கூட்டம் சிரித்தது. ஹர்லியும் சிரித்துவிட்டான். அடுத்த சுற்றில் காத்திருந்து பாடினான். இருபது வயசுக் குரல் வந்தது! என் விரல்கள் தானாக ஓடின.

பாதிப் பாட்டில் ஹர்லி கையை உயர்த்தி எங்களையெல்லாம் நிறுத்தினான். கிளியோ மட்டும். நாலு நிமிஷம். ஒரு குச்சி ஒடிந்தது. காலுறைக்குள்ளிருந்து இன்னொன்றை உருவி, ஒரு அடிகூடத் தவறாமல் தொடர்ந்தான். எட்டாயிரம் பேர் கைதட்டி, குதித்து, புல்தரையைப் புழுதியாக்கினார்கள். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் ஹர்லி அவன் பக்கம் போனான்.

"கிளியோ, நான் அன்னிக்கு..."

"பேசிட்டே நிக்காதடா. சனங்க காத்திருக்காங்க, அடுத்த பாட்டைச் சொல்லு."

அந்த இலையுதிர்காலத்தில் சிகாகோ, அட்லாண்டா என்று எங்களோடு வந்தான். குணமாகி வந்த எங்கள் பழைய டிரம்மர், தானாகவே கையால் தட்டும் காங்கா முரசுக்கு மாறிக்கொண்டான். எங்கள் பேருந்தில் ஹர்லியின் முன்னிருக்கை இப்போது வெர்டெலுக்கு. ஹர்லி கடைசி வரிசையில், பெட்டிகளோடு உட்கார்ந்து வருகிறான்.