புரிஞ்சுது டீச்சர்

நர்சிங் கல்லூரியில் அவருக்குப் பட்டப்பெயர் 'சரியா டீச்சர்'. மருந்துப் பாடத்தை மூச்சுவிடாமல் நடத்திவிட்டுக் கடைசியில், "சரியா? புரிஞ்சுதா?" என்பார். வகுப்பே ஒன்றுபோலத் தலையாட்டும். ஆட்டிய தலைக்கெல்லாம் தாராளமாகத் தேர்ச்சி போட்டுவிடுவார். "என் வகுப்புல சந்தேகம்னு ஒரு பிள்ளை கை தூக்காது" என்று ஆசிரியர் அறையில் பீற்றல் வேறு.

கை எப்படித் தூக்கும்? பெரியவர்களைத் திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசியதாகிவிடும் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள். அப்படியும் ஒருத்தி ஒருநாள் துணிந்து எழுந்தாள். "அப்ப இவ்வளவு நேரம் நான் சுவத்துக்கிட்டயா பேசிக்கிட்டிருந்தேன்?" என்றார் டீச்சர். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் வாயில்லாப்பூச்சி.

புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். "அவங்க தலையாட்டுறது மரியாதைக்கு மேடம், புரிஞ்சதுக்கு இல்ல. அவங்க வாயாலயே சொல்லச் சொல்லிட்டு மார்க் போடலாமே."

"நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்கிறா" என்று டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது டீச்சர் கட்டிலில் கிடக்கிறார். பித்தப்பையில் அறுவை முடிந்திருந்தது. கல்லூரியை ஒட்டிய அதே ஆஸ்பத்திரி. வார்டு முழுக்க அவரிடம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது, ஏற்றிவிடுங்கள் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எதிர்க் கட்டில்காரருக்கும் அதேதான்.

வாயில்லாப்பூச்சி தட்டோடு வந்தாள். தட்டில் மருந்து நிரப்பிய ஊசி மட்டும் இருந்தது. அதைக் கலந்து ஏற்றும் சலைன் பாட்டிலைக் காணோம்.

"டாக்டர் சொன்னது புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது டீச்சர்." தலை ஆடியது. வருஷக்கணக்காகப் பார்த்துப் பூரித்த அதே தலையாட்டல். முதல்முறையாக அதைக் கண்டு டீச்சருக்குப் பயம் வந்தது. அவள் கை, டீச்சரின் கை நரம்பில் செருகியிருந்த குழாயின் மூடியைத் திறக்கப் போயிற்று.

"இரும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லு, இதை எப்படிப் போடப்போற?"

"இந்தக் குழாய் வழியா நேரா, ஒரே தடவையில டீச்சர்."

"நேராப் போட்டா இதயம் நின்னுடும். பாட்டில்ல கலந்து சொட்டுச் சொட்டா ஏத்தணும்."

அவள் முகம் வெளிறியது. ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "அன்னிக்கு வகுப்புல இதைத்தான் டீச்சர் கேக்க வந்தேன்."

எதிர்க் கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கும் சத்தம் கேட்டது. திரைக்குக் கீழே நர்சின் வெள்ளைச் செருப்புகள் தெரிந்தன. பாட்டில் மாட்டும் கம்பி ஒரு மூலையில் சும்மா நின்றது.

"அங்க யாரு?"

"சீனியர் அக்கா. உங்க ஸ்டூடண்டுதான் டீச்சர். அவங்கதான் எனக்கும் ஊசி ரெடி பண்ணிக் கொடுத்தாங்க."

"ஓடு. போய் நிறுத்து."

அவள் ஓடினாள். திரைக்கு வெளியே நின்று தயங்கினாள். "அக்கா, அதைக் கலந்துதானே ஏத்தணும்?" குரல் பாதிதான் வெளியே வந்தது.

உள்ளேயிருந்து சிரிப்பு. "அப்ப இவ்வளவு நேரம் டாக்டர் சுவத்துக்கிட்டயா பேசிட்டுப் போனாரு?"

வாயில்லாப்பூச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு வகுப்பில் குனிந்த அதே தலை. டீச்சர் கட்டில் கம்பியைப் பற்றி எழப் பார்த்தார். தையல் சுரீரென்று இழுத்தது. கத்த வாயெடுத்தால் காற்றுதான் வந்தது.

"போடுங்க சிஸ்டர்" என்றார் திரைக்குள் இருந்தவர். "சாயங்காலம் என் பொண்ணு கூட்டிட்டுப் போக வர்றா."