துளை போட்ட குண்டுமணி

அண்ணி போனில் சிரித்துக்கொண்டே பேசினாள். அதனால்தான் மணிக்காரிக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"உன் மருமக பண்ணின வேலையைக் கேளு. அந்த சிவப்பு வளையலைக் கடிச்சு அத்துட்டா. மணியெல்லாம் கூடம் முழுக்க ஓடுது. ரெண்டு மூணு வாய்க்குள்ள போயிடுச்சு போல. எனக்கு உயிரே போயிடுச்சு. உடனே நம்ம டாக்டருக்குப் போன் போட்டேன். குண்டுமணிதானே, தோல் அவ்வளவு கெட்டி, முழுசா முழுங்கினா முழுசா வெளிய வந்துடும்னு சொல்லிட்டார். இப்பத்தான் மூச்சே வந்துச்சு."

மணிக்காரியின் மடியில் பாதி கோத்த முத்துச்சரம் கிடந்தது. முத்துக்கு முத்து ஒரு முடிச்சு போட வேண்டும். சரம் அறுந்தாலும் ஒன்றோடு போகும், மற்றவை உருளாது. அந்த முடிச்சு விரலிலேயே நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. முழுக் குண்டுமணியை விழுங்கினால் பெரும்பாலும் அது போன வழியே போய்விடும். ஆனால் வளையலில் இருந்தவை முழு மணிகள் இல்லை. ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும் துளை இருந்தது. அதைப் போட்டவள் மணிக்காரி.

மணிக்காரி என்று பெயர் வைத்தது அண்ணன். வீட்டின் பின்னறையில் அவள் நகை செய்கிறாள். பித்தளை, வெள்ளி, முத்து, கண்ணாடி, மரக்கட்டை, விதை, எது கையில் கிடைத்தாலும் கழுத்தில் தொங்கவிட்டுவிடுவாள். ஒவ்வொரு நகையோடும் ஒரு சீட்டு வைப்பாள். முத்தை எல்லா அலங்காரமும் முடிந்த பிறகு கடைசியில் போடுங்கள், முதலில் கழற்றுங்கள். வெள்ளியைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள். பித்தளையில் வியர்வை பட்டால் துடைத்துவிடுங்கள். பச்சைநீல டர்க்காய்ஸ் கல்லில் எண்ணெய், சென்ட் படக்கூடாது, குடித்துவிடும். மனிதர்களிடமிருந்து நகையைக் காப்பாற்ற அவளுக்கு அத்தனை அக்கறை. நகையிடமிருந்து மனிதர்களைக் காப்பாற்ற அந்தச் சீட்டில் ஒரு வரி கிடையாது. குண்டுமணிக்குத் தன் முதுகில் இருக்கும் கறுப்பு தெரியாது என்பார்கள். இவளுக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை.

விதை விற்றவர் அன்றைக்கே சொன்னார். "தோலுக்குள்ள இருக்கற வரைக்கும் அழகும்மா. ஓட்டை போட்டா விஷம். தூள் கண்ணுல, மூக்குல போகாம பாத்துக்குங்க." அவளும் பார்த்துக்கொண்டாள். கண்ணாடி போட்டாள், முகமூடி கட்டினாள், கையுறை மாட்டினாள், மேசையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தாள். தன் கண்ணுக்கும் மூக்குக்கும் இத்தனை காவல் வைத்தவள், கோத்து முடித்ததும் அதைத் தட்டில் அடுக்கி விற்பனைக்கு வைத்தாள். பெரியவர்கள் யாராவது கழுத்தில் கிடப்பதைக் கடிப்பார்களா என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். மனசுக்கு வக்கீல் வைத்தால் எந்த வழக்கும் ஜெயிக்கும்.

போன வாரம் அண்ணி வந்திருந்தாள். அண்ணி கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் கோடு கோணல் என்று அரை மார்க் குறைக்கிற ரகம். கல்யாணமாகி வந்த இந்த எட்டு வருஷத்தில் மணிக்காரியின் தொழிலை அவள் 'பொழுதுபோக்கு' என்றே சொல்லிவந்தாள். அன்று தட்டிலிருந்து சிவப்பு வளையலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது ரொம்ப நல்லா இருக்கே. நீயா செஞ்ச? நம்ம உருண்டைக்கு எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி பட்டம். மணிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு.

"தண்ணி படாம பாத்துக்குங்க அண்ணி. குளிப்பாட்டறப்ப கழட்டிடுங்க. நூல் நைஞ்சிடும்."

அவளே உட்கார்ந்து, உருண்டை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ரெண்டு வயசுக் குழந்தையின் மணிக்கட்டுக்கு ஏற்ப மணிகளைக் குறைத்துப் பதினெட்டாக்கி, முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். நாளைக்கே கண்ணாடி மணியில் ஒன்று செய்து மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் அண்ணி போனில்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மணிக்காரி பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். டாக்டரே சொல்லிவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது. துளை சின்னதுதான், ஓரத்தில் வார்னிஷ் தடவியிருக்கிறது. ஒன்றும் ஆகாமலே போகலாம். சொன்னால் அண்ணன் வீட்டுக் கதவு இனி அவளுக்குத் திறக்காது. சொல்லாமல் விட்டு, நாளைக் காலை அந்தக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால்? இந்த விஷம் உடனே காட்டாது என்று அவள் படித்திருந்தாள். மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அண்ணி, தரையில கிடக்கற மணியை எண்ணுங்க. பதினெட்டு இருக்கணும்."

"அதான் டாக்டர் ஒண்ணும் ஆகாதுன்னு..."

"டாக்டருக்குத் தெரியாது அண்ணி. அது முழு மணி இல்ல. எல்லாத்துலயும் நான் ஓட்டை போட்டிருக்கேன். ஓட்டை போட்டா விஷம் வெளிய வரும்."

அந்தப் பக்கம் தூரத்தில் குழந்தை எதையோ தட்டித் தட்டிச் சிரிப்பது மட்டும் கேட்டது.

"உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. நான் நேரா அங்க வந்துடறேன்."

விதை டப்பாவையும் துளை போடும் ஊசியையும் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி என்பது ஆஸ்பத்திரிப் படியில்தான் தெரிந்தது. வழியெல்லாம் வண்டிக்காரர் ரோடு போட்டவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். அவள் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று பதினெட்டு வரை எண்ணுவாள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

அவர்கள் முன்னாலேயே வந்திருந்தார்கள். அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அண்ணி கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. "பதினஞ்சு," என்றாள். "கட்டிலை நகர்த்திப் பாத்தாச்சு. பதினஞ்சுதான்."

மூன்று உள்ளே. உருண்டையோ அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவன் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். அது அழுதிருந்தால்கூட மணிக்காரிக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது.

குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா பேச்சை வளர்க்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"செஞ்சது யாரு?"

"நான்."

"ஓட்டை போடறதுக்கு முன்னாடி விஷம் போக வேக வெச்சீங்களா?"

"இல்ல. பச்சையாவே போட்டேன்."

"ஏன்?"

"வேக வெச்சா சிவப்பு மங்கிடும்."

சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு மறுபடி எழுதினாள்.

"இதுக்குன்னு தனியா மாற்று மருந்து கிடையாது. கரித்தூள் கரைச்சுக் குடுப்போம். குடலைக் கழுவி வெளிய தள்ளப் பார்ப்போம். ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்போம். மென்னிருந்தா ஆபத்து அதிகம். மூணு நாள் இங்கதான்."

"இவளுக்கு எப்படி டாக்டர் தெரியும்?" என்றான் அண்ணன். "வெறும் விதைன்னு நினைச்சு செஞ்சிருக்கா. பாவம், விஷயம் கேள்விப்பட்டதும் இவதான் பதறிப் போன்ல சொன்னா. இல்லன்னா நாங்க வீட்டுலயே இருந்திருப்போம்."

மணிக்காரி வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிப் பாதிக் கிணறு தாண்டியவள், மீதிப் பாதியில் அங்கேயே நின்றுவிட்டாள்.

கரிக்கரைசலை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. சாயங்காலம் குழந்தை கறுப்பாக வாந்தி எடுத்தது. கரித்தூள்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகும் மணிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள். அண்ணி மட்டும் அழவில்லை. எந்த மணிக்கு எவ்வளவு குடித்தாள், எத்தனை தடவை வயிற்றால் போனது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை.

மறுநாள் காலை இரண்டு மணிகள் வெளியே வந்தன. நர்ஸ் கழுவி ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் காட்டினாள். பல் படவில்லை. சிவப்பும் மங்கவில்லை. தான் செய்த பொருள் இவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று மணிக்காரி நினைத்ததே இல்லை.

மூன்றாவது வரவில்லை. மத்தியானம் வரவில்லை, சாயங்காலம் வரவில்லை. மென்றிருக்குமோ, கரைந்திருக்குமோ. அண்ணன் வேண்டாத சாமி இல்லை. மணிக்காரி குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது கொட்டாவி விட்டால் பயந்தாள், முனகினால் பயந்தாள், தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை அதுவும் வந்தது. முழுசாக. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். "ஈரலும் சிறுநீரகமும் நல்லா இருக்கு. மென்னு முழுங்கல, அதான் தப்பிச்சா. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்," என்றாள். அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டான்.

அறையில் அண்ணியும் மணிக்காரியும் தூங்கும் குழந்தையும் மட்டும். அண்ணி நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஓட்டை போட்டா விஷம்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா? வளையலை என் கையில குடுத்தியே, அப்பவே?"

குழந்தை பிழைத்துவிட்டது. இனி எந்தப் பதிலும் அதற்கு மருந்தாகப் போவதில்லை. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அண்ணன் அதற்கு முன்னமே சாட்சி சொல்லி வைத்திருக்கிறான்.

"தெரியும் அண்ணி."

அண்ணி திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் எடுத்திருக்கவே மாட்டேனே."

"நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அழாதவள், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.