பச்சைப் பாக்கெட்டை யார் எடுப்பது

1

இந்தக் கதை பிறந்ததே எரிச்சலில்தான். தைவானின் சின்ச்சு நகரத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதை, கணினியில் நீலத்திரை வந்து பாதியில் போய்விட்டது. அந்தக் கோபத்தில் புதுக் கதைக்கு நாயகியாக யூச்சினைப் பிடித்தேன். அவள் டிரைவர் எழுதுகிறவள். (வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. கணினிக்கும் அதில் செருகிய மின்னணு அட்டைக்கும் நடுவில் நின்று பேசும் நிரல். அது உளறினால் கணினியே படுத்துவிடும்.)

2

முதல் தொடக்கம்: காலை வெயில் யூச்சினின் முகத்தில்

வேண்டாம். அந்த ஆய்வுக்கூடத்தில் ஜன்னலே கிடையாது.

இரண்டாவது: சோதனைக் கணினி காலையிலிருந்து நீலத்திரை காட்டி விழுந்துகொண்டே இருந்தது. மதியம் அட்டையை வாங்க வருகிறவர்கள் முன்னால் அது ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் யூச்சின் எழுதிய முதல் டிரைவரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவளைப் பழையபடி சோதனைப் பிரிவுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"ஒன் டிரைவர்லதான் கோளாறு, தங்கச்சி," என்றார் அட்டையை வடிவமைத்த லுவோ.

"உங்க அட்டைதான் லுவோ அண்ணே. நான் ஒண்ணு கேட்டா அது ஒண்ணு சொல்லுது."

"அது பச்சப்புள்ள. நீ கேக்குற விதத்துல கேக்கணும்."

"பச்சப்புள்ளயா? தொட்டுப் பாருங்க, கொதிக்குது!"

3

லுவோவை வில்லனாக்கத்தான் நினைத்தேன். ஆனால் மனிதர் தன் பன்றிக்கறி பன்னில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டிவிட்டார். இனி எப்படி ஆக்குவது?

பன்னை மென்றபடி யூச்சின் நிமிர்ந்தாள். கணினியின் மேல், காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு சோளப்பொரி பாக்கெட். பச்சை நிறம், காலாவதி ஆகாதது, 'சமர்த்தாயிரு' என்று பெயர். கணினி அடம்பிடிக்காமல் ஓட வேண்டும் என்று வைக்கும் காணிக்கை; அது மேலே இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் கணினியை நம்புவார்கள்? காலையில் கும்பிட்டு வைத்தவளே அவள்தான்.

(அட்டை சூடேறி வாயடைத்துப்போனால் என்ன செய்வது என்று அவள் டிரைவரில் ஒரு வரிகூட இல்லை. லுவோவிடம் அவள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.)

"எடுத்துரட்டுமா அண்ணே?"

"பைத்தியமா ஒனக்கு? எடுத்தப்புறம் விழுந்தா டிரைவர்னு சொல்லமாட்டாங்க. நீதான்னு சொல்லுவாங்க!"

"கொஞ்சம் நகத்தியாச்சும்..."

"வெச்சத நகத்துனா கோவிச்சுக்கும்."

4

ஒரு முடிவு: எடுக்கிறாள், ஓடுகிறது. இத்தனை நேரம் கெடுத்தது தன் பக்திதான் என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்று: எடுக்கிறாள், விழுகிறது. சோதனைப் பிரிவுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறேன், அதில் லுவோ

மன்னிக்கவும், மறுபடி நீலத்திரை. தொட்டுப் பார்த்தேன், கொதிக்கிறது. என் கணினியின் காற்றுத் துளைகள் மேலும் ஒரு பச்சைப் பாக்கெட் உட்கார்ந்திருக்கிறது. எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

வாங்க வந்தவர்கள் லிஃப்டில் ஏறிவிட்டார்கள். லுவோ கண்ணை மூடிக்கொண்டார். யூச்சின் கையை நீட்டியபடி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். உங்களுக்கென்ன பயம், நீங்கள் எடுங்கள். எடுத்தீர்களா? அப்பாடா. உடனே யூச்சின்