மூன்றாம் பக்கம்

இசையமைப்புப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள், நுழைவுத் தேர்வுக்கு முன்பே தேர்வாளர் வீட்டுக்குப் போய்ப் படைப்பைத் திருத்தி வாங்கிக்கொள்வது அந்த நகரத்தில் ஊரறிந்த ரகசியம். வெளியே மட்டும் மூச்சு விடக்கூடாது. நாரினிலிருந்து வந்த பெர்மெத்தும், அம்மா கட்டிக் கொடுத்த குதிரைக்கறியோடு தேர்வாளரான ஷார்ஷென் அகாயிடம் போனாள். அகாய் என்றால் அங்கே வாத்தியார். கறியை வாங்கிக்கொண்ட வாத்தியார், அவள் இசைக்குறிப்பின் மூன்றாம் பக்கத்தை முழுக்க அடித்துவிட்டுத் தானே புதிதாக எழுதினார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தன் கையெழுத்தில் அப்படியே படியெடுத்துத் தேர்வுக்குக் கொடுத்தாள்.

தேர்வன்று அகாயே பியானோவில் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது.

"என்னம்மா இது, கல்யாண வீட்டு பேண்டா? மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இதை எவன் எழுதிக் குடுத்தான்?"

மற்ற தேர்வாளர்கள் சிரித்தார்கள். பெர்மெத் அவர் முகத்தையே பார்த்தாள். நடிப்பில்லை. அந்த மனுஷனுக்கு நிஜமாகவே நினைவில்லை.

"நானேதான் எழுதினேன், அகாய்."

"அப்ப ரசனை பத்தாது" என்று பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

பிறகு நடைவழியில் அவளைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார். "நாரின்காரியா நீ? உங்க ஊர் குதிரைக்கறி அருமையா இருக்குமே! அடுத்த வருஷம் முன்கூட்டியே வீட்டுக்கு வா. அந்த மூணாம் பக்கத்தை நான் திருத்தித் தர்றேன்."